கிராம்சியை எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

(கிராம வாசிகசாலையொன்றில் ஆற்றிய உரை)



இத்தாலிய நாட்டு அரசியற் சிந்தனையாளராகிய அந்தோனியோ கிராம்சியின் எழுத்துக்களை எவ்விடத்திலிருந்து படிக்கத் தொடங்குவது என்பதே இன்று நமக்கு இடப்பட்ட பொருள். வழக்கறிஞரும் ஆசிரியரும் வைத்தியரும் ஒருபுறமும், நெல்லும் வெங்காயமும் புகையிலையும் செய்வோர் மறுபுறமுமாக அமர்ந்திருக்கும் இச்சபைக்கு இப்பொருள் ஏற்றதோ என ஐயுற்றோரும் உளர். இச்சபைக்கே இது மிக ஏற்றது என்பது நமது துணிபு. படித்தவரும் பயிர்செய்பவரும் ஒரே அரசியற் கூரையின்கீழ் எம்முறையில் இருக்கின்றனர், யார் யாருக்காகப் பேசுகின்றனர், அவ்வாறு பேசும் உரிமையை அவர்க்கு அளித்தவர் யார் என்னும் வினாக்களை விடாது துருவியவர் கிராம்சி.

அவரைப் படிக்க முயன்று கைவிட்டோர் பலர். 1971இல் இலண்டனில் வெளிவந்த ஆங்கிலத் தெரிவு நூலை வாங்கி அலுமாரியில் அழகாக அடுக்கி வைத்திருக்கும் சட்டத்தரணிகளின் இல்லங்கள் நாம் அறியச் சில உள. முதல் ஐம்பது பக்கங்களுக்கு அப்பால் தாள்கள் கசங்காதிருப்பதையும் கண்டிருக்கின்றோம். வாசிப்போரின் அறிவுக்குறைவு இதற்குக் காரணமன்று. அதனை ஒரு நூலென்று எண்ணித் திறப்பதே காரணம். கிராம்சி பத்திரிகைகளுக்குக் கட்டுரை எழுதினார். வீட்டாருக்குக் கடிதம் எழுதினார். மறியற்சாலையிலிருந்து கொப்பிகளிலே குறிப்பெழுதினார். முதலிலிருந்து முடிவுவரை தொடர்ந்து வாசிக்கத்தக்க நூலொன்றை அவர் எழுதி முடித்தாரில்லை.

அவர் வரலாற்றைச் சுருங்கக் கூறுவாம். 1891ஆம் ஆண்டு ஜனவரி 22ஆந் திகதி சாடீனியாத் தீவில் ஆலெஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். அரசாங்கக் கந்தோரிற் பணிபுரிந்த தந்தையார் குற்றஞ் சாட்டப்பெற்றுச் சிறை செல்ல, குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. முதுகெலும்பு கூனிய அச்சிறுவர் பதினொரு வயதிலே காணிப் பதிவுக் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தார். மாதச் சம்பளம் 9 லீரா. தம்மினும் பாரமான பதிவேடுகளைச் சுமந்து, உடல் நோவினால் இரவில் ஒருவரும் அறியாமல் அழுததைப் பிற்காலத்துக் கடிதமொன்றிற் குறிப்பிடுகின்றார். காணிப் பதிவேட்டின் பாரத்தை நம்மவருட் பலர் வேறு வகையில் அறிந்திருக்கின்றனர், அது நிற்க.

1911இல் வறிய மாணவருக்கான உபகாரச் சம்பளம் பெற்றுத் துரின் நகரப் பல்கலைக்கழகம் புகுந்தார். மொழியியல் கற்றார், பட்டம் பெறாமலே வெளியேறிப் பத்திரிகையாளரானார். மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த அந்நகரின் தொழிலாளரியக்கத்தில் முன்னின்றார். 1921இல் இத்தாலியப் பொதுவுடைமைக் கட்சியை நிறுவியோருள் ஒருவர். 1924இல் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்டார்.

இனிச் சட்டம் பயின்றோர் கவனிக்க வேண்டிய பகுதி. உறுப்பினருக்குரிய சட்டப் பாதுகாப்பு இருக்கவும், 1926ஆம் ஆண்டு நவம்பர் 8ஆந் திகதி முசோலினியின் அரசு அவரைக் கைது செய்தது. அவரை விசாரித்த அரசபாதுகாப்பு விசேட நீதிமன்றத்தைத் தோற்றுவித்த சட்டமோ அதே மாதம் 25ஆந் திகதியே பிறந்தது. கைதி முதலில்; நீதிமன்றம் பின்னர். 1928 ஜூன் 4ஆந் திகதி 20 வருடம் 4 மாதம் 5 நாள் எனத் தீர்ப்பாயிற்று. அந்த ஐந்து நாளில் எத்துணை நுட்பமான நீதி அடங்கியிருக்கின்றது, பாருங்கள். அவசரகால விதிகளின் கீழ் வழக்குப் பேசிப் பழகிய இந்நாட்டுச் சட்டத்தரணிகளுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தென்னித்தாலியில் துரி என்னும் ஊர்ச் சிறையிலே — துரின் வேறு, துரி வேறு — எழுத அனுமதி கிடைத்தபின், 1929 பெப்ரவரி 8ஆந் திகதி முதற் கொப்பியைத் தொடங்கினார். 1935 வரையில் 33 கொப்பிகள் ஆயின. அவற்றுள் நான்கு மொழிபெயர்ப்புப் பயிற்சிகள். அவற்றுட் பல சிறை முத்திரை குத்தப்பட்டவை. கேம்பிறிட்ஜில் இருந்த பொருளியலறிஞர் பியெரோ சிராபா மிலான் நகரப் புத்தகசாலையொன்றிற் கணக்குத் திறந்து நூல்கள் அனுப்புவித்தார். மனைவியின் தமக்கையார் தத்தியானா கடிதமெழுதியும் நேரிற் சென்றும் பேணினார். அக்கொப்பிகளைக் காப்பாற்றியவரும் அவரே. தண்டனைக் காலம் முடிந்த சில நாட்களில், 1937 ஏப்ரில் 27ஆந் திகதி, றோமாபுரி வைத்தியசாலையொன்றிற் கிராம்சி காலமானார்.

கொப்பிகள் 1948 முதல் 1951 வரை பொருள்வாரியாகப் பிரித்து அச்சிடப்பட்டன. அப்பகுப்பு பதிப்பித்தோர் செய்ததேயன்றிக் கிராம்சி செய்ததன்று. எழுதிய வரிசையிலே யாவற்றையும் தந்த பதிப்பு, வலென்டீனோ ஜெரத்தானா என்பார் பதிப்பித்தது, 1975இலேயே வந்தது. கிராம்சி முதலில் எழுதியதைக் குறுக்காகக் கோடிட்டு வெட்டி, பின்னர் வேறு கொப்பியில் திருத்தி எழுதும் வழக்கமுடையவர் என்பது அப்பதிப்பினாலேயே பலருக்கும் விளங்கிற்று. உறுதியின் நகலும் நொத்தாரிசு முன் கைச்சாத்தான உறுதியும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். இங்கோ கைச்சாத்தான உறுதியே கிடையாது. உள்ளவை யாவும் நகல்கள். இவை அவசரத்தில் எழுதியவை, பிழைகள் இருக்கக்கூடும், சரிபார்க்க வேண்டுமென்று பதினோராங் கொப்பியின் தொடக்கத்தில் அவரே எச்சரித்துமிருக்கின்றார். அவர் வாக்கியமொன்றைப் பிடுங்கியெடுத்து மேடையில் வேதவாக்காக முழங்குவோர் அவ்வெச்சரிக்கையைப் படிக்காதவரே.

ஆயின் எங்கே தொடங்குவது? கடிதங்களிலே தொடங்குக என்பது பலர் கூறும் அறிவுரை. நாம் அதற்கு உடன்படவில்லை. கடிதங்கள் உள்ளத்தை உருக்குவன என்பது மெய். அதுவே அவற்றை முதலிற் கொடுப்பதில் உள்ள ஆபத்துமாம். தியாகஞ் செய்தவரைக் கும்பிடுவதில் நம்மவர் மிக விரைவுடையோர்; படத்துக்கு மாலையிட்டபின் அவர் என்ன சொன்னார் என்று கேட்பவர் அருகி விடுகின்றனர். கிராம்சியை முதலில் அறிவாளியாகச் சந்தித்து, அவருடன் வாதாடி, அதன்பின்னர் கைதியாகச் சந்திப்பதே முறை.

ஆதலின் நாம் முதற்கண் வைக்கும் எழுத்து, தெற்குப் பிரச்சினையைப் பற்றி 1926இல் அவர் எழுதத் தொடங்கிய கட்டுரை. கைது செய்யப்பட்டமையால் முற்றுப்பெறாது நின்று, 1930இற் பாரிசில் வெளிவந்த கட்சிச் சஞ்சிகையொன்றில் அச்சேறியது. அளவிற் சிறியது, மாலைப்பொழுதொன்றில் வாசித்து முடிக்கலாம். சிறையதிகாரியின் கண்ணுக்கு அஞ்சாது எழுதியதாகலின் சொற்களிலே மறைப்பில்லை. பின்னர் கொப்பிகளில் விரியும் எண்ணங்கள் பலவும் இங்கே முளையாக இருக்கின்றன.

இத்தாலியின் வடக்கு தொழில்வளமுடையது. தெற்கும் தீவுகளும் வறிய விவசாய நாடு. வடக்கின் முன்னேற்றத்தைத் தடுக்கும் காலிற் கட்டிய குண்டு தெற்கு. தெற்கத்தியான் பிறப்பிலேயே சோம்பேறி, குற்றவாளி என்றெல்லாம் வடக்கிற் பிரசாரம் நடந்தது. பேராசிரியர் சிலர் அதற்கு விஞ்ஞானப் போர்வையும் போர்த்தனர். வடக்குத் தொழிலாளியும் அதனை நம்பினான். தெற்குக் கமக்காரனின் துணையின்றித் தொழிலாளி ஆட்சியை நெருங்கவும் முடியாது. இந்த இகழ்ச்சியை முதலிற் கைவிட்டாலன்றி அத்துணை கிட்டாது என்பது கிராம்சியின் வாதம்.

அங்கே ஒரு சம்பவம் வருகின்றது. 1919இல் துரின் வேலைநிறுத்தங்களை அடக்கச் சாடீனியாவின் கமக்கார இளைஞரைக் கொண்ட சசாரிப் படையணி அந்நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதே தீவில் பிறந்த தோல்பதனிடும் தொழிலாளி ஒருவர் ஒரு சிப்பாயை அணுகி, எதற்காக வந்தாய் என்று கேட்கின்றார். வேலைநிறுத்தஞ் செய்யும் கனவான்களைச் சுடுவதற்கு என்கிறான் அவன். அவர்கள் ஏழைத் தொழிலாளர் என்று இவர் சொல்ல, அவன் ஒப்பவில்லை. இங்கே எல்லாரும் கழுத்துப்பட்டி கட்டுகின்றனர், நாளுக்கு 30 லீரா உழைக்கின்றனர். ஏழைகள் யாரென்று தனக்குத் தெரியும், தன்னூரில் மண்வெட்டுவோர் பெறுவது ஒன்றரை லீராவே என்கிறான். அவன் கணக்கில் பிழையில்லை. துரின் தோழர்கள் அவனை மூடனென்று தள்ளாமல், படையினரிடையே போய்ப் பேசிப் பேசி மனத்தை மாற்றினர்; ஜூலை மாதத்துப் பொதுவேலைநிறுத்தத்திற்கு முன்பே அப்படையணியை அரசு அங்கிருந்து அகற்ற வேண்டியதாயிற்று. கழுத்துப்பட்டி கட்டிய நம் போன்றோர் இப்பகுதியை இருமுறை வாசிப்பது நன்று.

கட்டுரையின் நடுப்பகுதியே அதன் உயிர். தெற்குச் சமுதாயத்தை மூன்று அடுக்காகக் காண்கின்றார். அடியிலே, தம்முள் ஒன்றுசேர வழியற்றுச் சிதறிக் கிடக்கும் கமக்காரர். உச்சியிலே பெருநிலக்காரரும், குரோச்சே போன்ற பேரறிஞரும். இடையிலே சிறிய, நடுத்தர நிலக்காரக் குடும்பங்களிலிருந்து வரும் படித்தவர்கள். இந்த இடையடுக்கை அவர் வருணிக்கும் விதம் நம்மைத் திடுக்கிட வைக்கின்றது. காணியுண்டு, ஆனால் தானாக மண்ணிற் கால்வையான். கமக்காரனென்று அழைக்கப்படுவதை இழுக்கென்று கொள்வான். காணியைக் குத்தகைக்கும் வாரத்துக்கும் விட்டு, அவ்வருவாயில் மகனைப் பல்கலைக்கழகத்துக்கோ குருமடத்துக்கோ அனுப்புவான். மகளுக்குச் சீதனம் சேர்த்து அரசாங்க உத்தியோகத்தனுக்குக் கொடுப்பான். அரசாங்க உத்தியோகத்தரில் ஐந்தில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் தெற்கத்தியரே என்பதையும் கிராம்சி சுட்டுகின்றார். இது இத்தாலியைப் பற்றிய எழுத்து என்பதை இடையிடையே நினைவுபடுத்திக் கொள்ளுதல் அவசியம். அல்லாவிடின் எழுதியவர் நமது வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாரோ என்று தோன்றும்.

இக்குடும்பங்களிலிருந்து வந்த வழக்கறிஞரும் நொத்தாரிசும் ஆசிரியரும் கமக்காரனுக்கும் அரசுக்கும் இடையே நிற்கின்றனர். மனு எழுத வேண்டுமா, வரி குறைக்க வேண்டுமா, வழக்குப் பேச வேண்டுமா, இவர்களிடமே வரவேண்டும். அந்த ஊழியமே அரசியற் செல்வாக்காகவும் மாறுகின்றது. அதனால் கமக்காரன் பெருநிலக்காரனின் கூட்டினுள்ளே பிணைக்கப்பட்டு நிற்கின்றான் என்பது கிராம்சியின் முடிவு. இத்தாலியத் தெற்கும் நமது பிரதேசமும் ஒன்றல்ல. நிலவுடைமையும் வேறு, சாதியமைப்பும் வேறு, தேசிய இனப்பிரச்சினை முற்றிலும் வேறு. எனினும் 1944இல் தமிழ்க் காங்கிரசைத் தோற்றுவித்த ஜீ. ஜீ. பொன்னம்பலமும், 1949இல் தமிழரசுக் கட்சியை நிறுவிய சா. ஜே. வே. செல்வநாயகமும் வழக்கறிஞர்களே என்பதை எண்ணும்போது, அக்கேள்வியை இத்தாலியரோடு மட்டும் நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது. கமக்காரனின் மனுவை எழுதும் கை அவனது விடுதலையையும் தானே எழுதிவிடலாமென்று எண்ணுகின்றதா?

இரண்டாவதாகக் கடிதங்களை எடுக்கலாம். கமக்காரத் தோழர்களுக்கு இரண்டைச் சிறப்பாகச் சொல்வோம். 1929 ஏப்ரிலில் எழுதியதொன்றில், சிறைமுற்றத்தில் தாம் நட்ட ரோசாச் செடியையும் விதைகளையும் பற்றிக் கூறுகின்றார். முளை மெதுவாக வருவதைக் கண்டு, சற்று இழுத்துவிட்டால் விரைவில் வளருமே என்று கை துடிக்கின்றதாம். இயற்கையாக வளரவிடுவதா, மனிதன் தலையிடுவதா என்ற கல்விப் பிரச்சினைக்கு அங்கிருந்து போகின்றார். மற்றையது 1931 ஜூனில் மனைவிக்கு, பிள்ளைகளுக்குச் சொல்லும்படி எழுதிய சாடீனியாக் கதை. குழந்தையின் பாலை எலி குடித்துவிடுகின்றது, குழந்தை அழுகின்றது. எலி பாலுக்காக ஆட்டிடம் ஓட, ஆடு புல் கேட்கின்றது. புல்வெளி நீர் கேட்கின்றது. நீரூற்று போரில் இடிந்து கிடக்கின்றது. கொத்தனார் கல் கேட்கின்றார். மலையிடம் போனாலோ, இலாபக்காரர் மரங்களைத் தறித்தமையால் மண்கரைந்து எலும்பு தெரிய நிற்கின்றது. குழந்தை வளர்ந்ததும் மரம் நட்டுத் தருவான் என்று எலி வாக்களிக்க, மலை கல் கொடுக்கின்றது. வாக்கும் பின்னர் நிறைவேறுகின்றது. இதைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள். பொருளாதாரத் திட்டமென்றால் என்னவென்று அவர்கள் நம்மைக் கேட்கமாட்டார்கள்.

அதன் பின்னரே கொப்பிகள். அவற்றுள் பன்னிரண்டாவது முதலில். 1932இல் எழுதியது, படித்தோரையும் கல்வியையும் பற்றியது. தெற்குப் பிரச்சினைக் கட்டுரை அங்கே முதிர்ந்து வருகின்றது. கமக்காரன் படித்தவனைப் பார்க்கும் பார்வை இருதலைப்பட்டது என்கிறார். தன் மகன் ஒருவனாவது அந்நிலையை எய்த வேண்டுமென்று ஏங்குகின்றான். அதே வேளையில் உள்ளூரப் பொறாமையும் வெறுப்பும் கொள்கின்றான். இவ்விருமையை விளங்காதவன் கமக்காரரிடையே இயக்கம் நடத்த முடியாது. கூட்டங்களில் தலையாட்டிவிட்டு வாக்குச்சாவடியில் வேறுவிதமாக நடப்பதை வஞ்சகம் என்று நொந்துகொள்ளும் நம் கட்சிப் பணியாளர் இவ்விடத்தைப் படித்தால் சற்றே அமைதியடைவர்.

மூன்றாம் எடுப்பு பத்தொன்பதாங் கொப்பி. இத்தாலி ஒரே நாடாகிய வரலாறு. மசினியும் கரிபால்டியும் சார்ந்த செயற்கட்சி மக்களின் வீரத்தைப் பெற்றும் தலைமையை ஏன் கவூரின் மிதவாதிகளிடம் இழந்தது என்று வினவுகின்றார். கமக்காரனின் நிலக்கோரிக்கையைத் தன் கோரிக்கையாக அக்கட்சி எடுக்கவில்லை என்பதே விடை. இதற்கொரு சான்றை நாம் சேர்த்துக் கூறுவோம். 1860இல் கரிபால்டி சிசிலியில் இறங்கியதும் போரிடுவோருக்குப் பொதுக்காணி பகிரப்படுமென்று கட்டளை பிறந்தது. புரொன்ரே என்னும் ஊர்க் கமக்காரர் அதனை நம்பினர். காணி வரவில்லை, ஆகஸ்டு மாதம் கலகம் மூண்டு, நொத்தாரிசு உட்படப் பதினாறு பேர் கொல்லப்பட்டனர். கரிபால்டியின் தளபதி நீனோ பிக்சியோ வந்து, சில மணிநேர விசாரணையோடு ஐவரைச் சுட்டான். அவர்களுள் ஒருவர் நிக்கொலோ லொம்பார்டோ. கமக்காரர் பக்கம் நின்ற வழக்கறிஞர். தேச விடுதலை முதலில், காணி பின்னர் என்று சொல்லும் எவரும் அவ்வூரின் பெயரைத் தெரிந்து வைத்திருத்தல் வேண்டும்.

சொற்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிராம்சியின் பேர்பெற்ற கருத்தைத் தமிழில் ‘மேலாதிக்கம்’ என்று பெயர்த்து வருகின்றனர். அச்சொல்லில் தடியின் ஓசையே மிகுதி. அவர் குறித்ததோ, தடியும் பின்னணியில் இருக்க, ஆளப்படுவோரின் உடன்பாட்டினாற் பெறும் தலைமை. பள்ளிக்கூடத்தாலும் கோயிலாலும் பத்திரிகையாலும் அன்றாடம் புதுப்பிக்கப்படுவது. வாசிக்கும்போது ‘உடன்பாட்டுத் தலைமை’ என்று மனத்துள் மாற்றிக்கொள்வது நலம். ‘செயலின் தத்துவம்’ என்று வருமிடமெல்லாம் மார்க்சியத்தையே குறிக்கின்றது. சிறைக்கண்ணுக்கு மறைத்த சொல்லென்பர் சிலர், தமது மார்க்சியம் வேறுவகையது என்று காட்டவே தெரிந்தெடுத்தார் என்பர் சிலர். இரண்டும் உண்மையாயிருக்கலாம். ‘நவீன இளவரசன்’ என்றால் கட்சி. மாக்கியவெல்லியை நினைந்து இட்ட பெயர். குரோச்சேயோடு மல்லுக்கட்டும் பத்தாவது கொப்பியையும், பதினோராவது கொப்பியையும் முதல் வருடம் தொடாதிருப்பதே நல்லது. நம்மில் பலர் இடறி விழுவது அங்கேதான்.

நாம் பொதுவுடைமைக் கட்சியினர் அல்லர். கிராம்சி சொன்னதெல்லாம் நமக்கு ஒப்புடையதுமன்று. 1923இற் கட்சித் தோழர்களுக்கெழுதிய கடிதமொன்றில், தொழிலாளர் கமக்காரர் சமஷ்டிக் குடியரசு என்பதே இத்தாலிக்குப் பொருந்தும் சுலோகமென்று அவர் முன்மொழிந்ததைக் கண்டு, அவரும் நம்மவரே என்று துள்ளிய இளைஞரும் உண்டு. துள்ளவேண்டாம். தெற்கின் குறையைத் தீர்க்கும் வழியாகவே அதனைச் சொன்னார். சமஷ்டி வேண்டுமென்பதற்கு நமக்குச் சொந்த நியாயங்கள் உள்ளன. அவற்றுக்கு இத்தாலிய முத்திரை தேவையில்லை. அவரிடம் நாம் கேட்டுப் பெறவேண்டியது வேறு: அச்சமஷ்டி வந்தபின் குத்தகைக்காரன் எங்கே நிற்பான், கூலிக்குத் தோட்டங் கொத்துபவன் எங்கே நிற்பான் என்று இப்போதே கேட்கும் பழக்கம்.

ஆங்கிலம் அறியாதோர் எவ்வாறு படிப்பது என்ற கேள்வி எழும். அதற்காகவே ஓர் ஏற்பாடு சொல்லி அமைகின்றோம். இவ்வாசிகசாலையில் மாதம் இருமுறை ஞாயிற்றுக்கிழமை மாலையிற் கூடுவது. ஆங்கிலம் அறிந்த இருவர் தெற்குப் பிரச்சினைக் கட்டுரையைப் பகுதி பகுதியாகத் தமிழ்ப்படுத்தி வந்து உரத்து வாசிப்பர். வாசித்து முடிந்ததும் முதலிற் பேசும் உரிமை கமக்காரருக்கே. சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் அதன்பின்னரே வாய் திறக்கலாம். தண்ணீர் இறைக்கும் நாளாயின் கூட்டத்தை ஒத்திவைக்கலாம். முதற்கூட்டத்திற்குச் சசாரிச் சிப்பாயின் உரையாடல் வரையிலான பகுதியை ஆயத்தஞ் செய்யும் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கின்றோம்.